என் ஐயாவுக்கு வந்த நோட்டீஸ்

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், 1968-ல் இறந்து போனார். போன வருடம் மாசி மாதம் அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. தங்களுக்குச் சொந்தமான மனையில் மண்டிக் கிடக்கும் முட்புதர்களையும் காய்ந்த செடிகொடிகளையும் இது கிடைத்த 7 நாட்களுக்குள் அகற்ற வேண்டும், தவறினால் நிர்வாகமே அகற்றிவிட்டுச் செலவைத் தங்களிடம் வசூலிக்கும் என்று எழுதியிருந்தது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் ரப்பர் ஸ்டாம்ப் மையில் கரைந்து போயிருந்தது. கொண்டுவந்த பையன் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு, "இவரு இருக்காராய்யா?" என்றான். உள்ளே கூட்டிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினேன். அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி, நீங்களே போட்டுருங்க" என்று பேனாவை நீட்டினான்.

போட்டேன். ஐயாவுக்காக நான் கையெழுத்துப் போடுவது இது முதல் தடவை இல்லை. வீட்டு வரி அவர் பெயரில், கரண்டு பில் அவர் பெயரில், பட்டா அவர் பெயரில். ஐயாவுக்கு நான்கு ஆண்மக்கள். அவர்கள் வழியில் இன்றைக்கு வீட்டுக்கு 11 புள்ளி, அதாவது பங்குள்ள 11 குடும்பம். சென்னையில் நான்கு, கோயம்புத்தூரில் ஒன்று, சிங்கப்பூரில் இரண்டு, கோலாலம்பூரில் இரண்டு, கலிஃபோர்னியாவில் ஒன்று, காரைக்குடியில் நான். ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, "பட்டாவை மாத்திரணும்பா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். 11 பேரும் ஒரே நாளில் ஒரே ஊரில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற இடத்தில் பேச்சு பாக்குக்குத் திரும்பிவிடும். ஆக, செத்துப்போன மனிதர்தான் இன்னும் வீட்டுக்காரர். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பக்கத்திலேயே இருக்கிற பாவத்துக்காக வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றப் போகிற நான் பங்கு உள்ள வாட்ச்மேன்.

செட்டிநாட்டு வீட்டைப் பற்றி இங்கே வகுப்பெடுக்கப் போவதில்லை. ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்கும் எல்லோரும் படம் எடுத்துப் போட்டு முடித்தாகிவிட்டது. யாரும் படம் எடுக்காத இடம் ஒன்று உண்டு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வீதி வரைக்கும் நீளும் கொல்லை. எங்கள் கொல்லை 30 சென்ட் இருக்கும். அப்பத்தா இருந்தவரை அங்கே மாடு நின்றது, கீரைப்பாத்தி இருந்தது, கிணற்றடியில் துணி காய்ந்தது. 1994-ல் அப்பத்தா போனாள். அதற்கப்புறம் அங்கே யாருக்கும் வேலை இல்லை. சீமைக்கருவேலத்துக்கு மட்டும் இருந்தது.

ஓக்லாந்துத் தம்பி

நோட்டீஸைப் படம் எடுத்துப் பங்காளிகளின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். மூன்று கும்பிடும் கை வந்தது. ஒருவர், "பார்த்துச் செய்யுங்கண்ணே" என்று எழுதினார். இந்த மூன்று சொல்லுக்குள் எவ்வளவு சௌகரியம் இருக்கிறது என்பது ஊரில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். கலிஃபோர்னியாவில் இருக்கிற சித்தப்பா மகன் மட்டும் போன் பண்ணினான். எடுத்ததும் சிரித்தான். "அண்ணே, இதே நோட்டீஸ் எனக்கும் வருஷா வருஷம் வருது."

அவன் வீடு ஓக்லாந்து நகரத்துக் குன்றுகளின் மேல் இருக்கிறது. 1991 அக்டோபரில் அந்தக் குன்றுகளில் பிடித்த தீயில் 25 பேர் இறந்தார்கள், மூவாயிரத்தையொட்டி வீடுகள் போயின. அந்தத் தீயில் எனக்கு மறக்க முடியாதது அதன் முந்தின நாள். முந்தின நாள் அதே இடத்தில் ஒரு சின்னப் புல்தீ பிடித்திருக்கிறது. தீயணைப்பு வண்டிகள் வந்து அணைத்துவிட்டார்கள், அணைத்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் காலையில் வறண்ட காற்று எழும்பியது, சாம்பலுக்கு அடியில் மிச்சமிருந்தது கிளம்பிவிட்டது. தம்பி வீடு வாங்கியது அந்தத் தீக்கு அப்புறம் புதிதாகக் கட்டின தெருவில்.

கோடைக்கு முன்னால் தீயணைப்புத் துறையிலிருந்து ஆள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்களாம். மாநிலச் சட்டப்படி வீட்டைச் சுற்றி 100 அடிக்கு ஒழுங்கு இருக்க வேண்டும். முதல் 30 அடிக்குள் காய்ந்த செடி, சருகு எதுவும் கூடாது. அதைத் தாண்டி 100 அடி வரை புல் 4 அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது. புகைபோக்கியிலிருந்து 10 அடிக்குள் மரக்கிளை வரக் கூடாது. கூரையிலும் மழைநீர்ப் பீலியிலும் சருகு சேரக் கூடாது. சுவரை ஒட்டிய 5 அடிக்குள் எரியக்கூடிய பொருளே இருக்கக் கூடாது என்று 2020-ல் ஒரு சட்டம் வேறு போட்டு, அதன் விதிகளை வகுப்பதற்குள் ஊரே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. சுவரோரத்து ரோஜாச் செடியைப் பிடுங்கச் சொன்னால் அங்கேயும் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. செய்யாவிட்டால் நிர்வாகம் ஆள் வைத்து வெட்டிவிட்டுச் செலவை வீட்டின்மேல் ஏற்றிவிடும். எங்கள் நோட்டீஸின் கடைசி வரியேதான். ஒரு வித்தியாசம், அங்கே நிஜமாகவே ஏற்றுவார்கள். "சட்டத்தைவிட இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத்தான் அண்ணே பயம். புதரைப் பார்த்தா பாலிசியப் புதுப்பிக்க மாட்டான். பாலிசி இல்லாட்டி வீட்டுக்கடன் இல்லை" என்றான்.

புல்லைக் காலை பத்து மணிக்குள் வெட்டிவிட வேண்டும் என்று ஒரு அறிவுரை. வெயில் ஏறினபின் இயந்திரத்தின் பிளேடு கல்லில் பட்டால் தெறிக்கிற பொறியே போதுமாம். அப்புறம் ஆடு. இதைச் சொல்லும்போது அவனுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. குன்றுச் சரிவில் புதரை மேய்த்து அழிக்க ஆட்டு மந்தையை வாடகைக்கு விடுகிறார்கள். காசு கொடுத்து ஆட்டைக் கூப்பிட்டு மேய விடுகிறார்கள்! நானும் சிரித்தேன். எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆடுகள் கத்துகிற சத்தம் போனில் அவனுக்கும் கேட்டிருக்கும்.

"சரிப்பா, நம்ம கொல்லைக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். "அங்க யாருண்ணே இருக்கா எரியிறதுக்கு? ஓட்டு வீடு, சுண்ணாம்புச் சுவர். ஒண்ணும் ஆகாது. ஏதோ பேருக்கு வெட்டி விடுங்க." அங்கே 100 அடியை நாடா வைத்து அளக்கிறவன்தான் சொன்னான். அவனைக் குறை சொல்லி என்ன? எனக்கும் அந்தப் பதில் அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டது.

கட்டை அவருக்கு, முள் எனக்கு

சீமைக்கருவேலத்தின் கதையை இந்தப் பக்கத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகோ போட்ட வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை வெட்டச் சொல்லி உத்தரவுமேல் உத்தரவு போட்டதும், 2017-ல் பட்டா நிலக்காரர்களெல்லாம் ஜேசிபிக்கு அலைந்ததும், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அரிவாளும் கையுமாக நின்றதும், அந்த வருடக் கோடையிலேயே சென்னையில் இடைக்காலத் தடை வந்ததும் நினைவிருக்கும். அந்த மூன்று மாதத்தில் எங்கள் கொல்லையையும் ஒருமுறை வெட்டினோம். தூரை விட்டு வெட்டினால் கருவேலத்துக்கு அது முடி வெட்டின மாதிரி. ஒரு தண்டு நின்ற இடத்தில் ஆறு தண்டு கிளம்பும். தூரோடு பிடுங்க ஜேசிபிதான் வேண்டும், எங்கள் கொல்லைக் கதவோ மாட்டு வண்டி நுழையக் கட்டினது.

அந்த வழக்கெல்லாம் நிலத்தடி நீருக்காக. தீயைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. தீயின் கணக்கில் பார்த்தால் பச்சைக் கருவேலம் முதல் எதிரி இல்லை, அதைப் பற்றவைப்பது அவ்வளவு சுலபமில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் இடுப்புயரம் எழும்புகிற புல், தை பிறந்ததும் வெளுத்து, பங்குனியில் காகிதம் மாதிரி ஆகிவிடும். அதோடு கொழிஞ்சி, நாயுருவி, துத்தி. முதலில் தீப்பிடிப்பது இந்தப் பொடிசுகள்தான். கோவைக்கொடி சுவரேறி ஓடு வரைக்கும் போய்க் காய்ந்திருந்தது. தீக்கு ஏணி சாத்திவைத்த மாதிரி. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது கருவேலம் மட்டும். நோட்டீஸில் 'முட்புதர்' என்று இருந்தது, முள்ளை அகற்றினால் நோட்டீஸ் தீர்ந்தது.

கட்டையை மண்ணால் மூடிச் சுட்டுக் கரியாக்குகிற, கரிமூட்டம் போடுகிற ஒருவரைப் பிடித்தேன். கூலி வேண்டாம், கட்டையை எடுத்துக்கொள்கிறேன் என்றார். காசு செலவில்லாமல் கொல்லை சுத்தமாகிறது, ஐயா பெயருக்கு வந்த நோட்டீஸுக்கும் பதில் ஆகிறது. குழுவில் பெருமையாக எழுதிப்போட்டேன், ஏழு கும்பிடும் கை. நான்கு ஆட்கள் மூன்று நாள் வெட்டினார்கள். மணிக்கட்டுப் பருமனுக்கு மேலிருந்ததெல்லாம் டிராக்டரில் ஏறியது. அதற்குக் கீழே இருந்த முள்விளார் முழுவதும் கொல்லையின் கிழக்கு மூலையில், சுவரை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடந்தது. கட்டை அவருக்கு, முள் எனக்கு. நோட்டீஸில் 'அகற்ற வேண்டும்' என்று இருந்ததே தவிர எங்கே அகற்ற வேண்டும் என்று இல்லை. தம்பிக்கு வருகிற காகிதத்தில் இதற்கும் வழி சொல்லியிருக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வெட்டினதை இயந்திரத்தில் கொடுத்துத் தூளாக்கலாம், லாரியில் ஏற்றி அனுப்பலாம். எரிப்பதானால் அனுமதி வாங்க வேண்டும், கோடையில் அந்த அனுமதியே கிடையாது.

குவித்துப் பத்து நாள் ஆனது. முள் நன்றாகக் காய்ந்தது. பங்குனியில் ஒரு காலை, காரைக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். இலையில் இட்லி, கும்மாயம், வெள்ளைப் பணியாரம். போன் அடிக்கிறது, மூட்டக்காரருடைய ஆள். "ஐயா, இந்த முள்ள கொளுத்திரலாமா? நாளையிலேர்ந்து எங்களுக்கு வேற ஊர்ல வேலை." வாயில் பணியாரம். இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"சரி."

ஒரு மணிக்கு மேல்

எட்டு மணிக்குக் கொளுத்தி, பத்து மணிக்குள் எல்லாம் எரிந்து அடங்கி, நான்கு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போனோம் என்று பிறகு சொன்னார்கள். பொய்யாக இருக்காது. ஆனால் குவியலுக்கு அடியில் பழைய கருவேலத் தூர் ஒன்று இருந்திருக்கிறது. மண்ணுக்குள் காற்றில்லாமல் கனல் எத்தனை நாள் நிற்கும் என்று மூட்டம் போடுகிறவனுக்குத் தெரியாதா? அந்தக் கனலை நம்பித்தானே அவன் பிழைப்பு? தெரிந்தும், வேறு ஊரில் வேலை இருந்தது. நீறு பூத்த நெருப்பு என்று காலமெல்லாம் கோபத்துக்கும் வன்மத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், நெருப்புக்கும் அது பொருந்தும் என்பதே மறந்துவிட்டது.

ஒரு மணிக்கு மேல் காற்று எழும்பியது. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் பின்வீதியில் ஒரு அம்மா இருக்கிறார். கணவர் இல்லை, மகன் திருப்பூரில். பன்னிரண்டு ஆடு, ஒரு பசு. சுவரை ஒட்டித்தான் அவருடைய மாட்டுக் கொட்டகை, அதை ஒட்டி வைக்கோல் படப்பு. எங்கள் கொல்லையில் வெட்டாமல் விட்ட புல்லில் பிடித்து, கோவைக்கொடியில் ஏறி, சுவர் உச்சியில் வந்து ஒரு பொறி அந்தப் பக்கம் குதித்தது. படப்பில் விழுந்தால் அப்புறம் என்ன?

எனக்குப் போன் வந்தபோது ஒன்றே முக்கால். தீயணைப்பு வண்டி எனக்கு முன்னால் போய்விட்டது. ஆனால் முகப்புக் கதவு பூட்டியிருந்தது, சாவி என் சட்டைப்பையில், நான் வழியில். அவர்கள் சுற்றிக்கொண்டு பின்வீதிக்குப் போனார்கள். கொல்லைக் கதவுக்குப் பெரிய பூட்டு, துருப்பிடித்தது. அதை உடைத்து உள்ளே போகும்போது படப்பு முடிந்திருந்தது, கொட்டகைக் கீற்றும் முடிந்திருந்தது. அந்த அம்மா ஆடுகளை விரட்டிவிட்டு, பசுவின் கயிற்றை அரிவாளால் வெட்டி வெளியே இழுத்திருந்தார். முன்நெற்றி முடி சுருண்டு பொசுங்கியிருந்தது. வீதி ஜனம் பிளாஸ்டிக் குடங்களோடு குழாயடியில் நின்றது. குழாயில் காலை ஏழு மணிக்கு மேல் தண்ணீர் வராது. சுவருக்கு இந்தப் பக்கம், பூட்டின கொல்லைக்குள், பதினைந்தடியில் தண்ணீரோடு எங்கள் கிணறு இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு தீயணைப்பு வீரர் இரண்டாங்கட்டுக் கூரையில் நின்று நாட்டு ஓட்டை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுக்கு அடியில் பல வருடச் சருகும் புறாக் கூடும். பொறி அங்கேயும் போய் உட்கார்ந்து, தேக்குக் கைமரம் ஒன்றின் நுனி கருகியிருந்தது. எரிவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டோமே, இதோ இருக்கிறது. அவர் மேலிருந்து, "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா வளவுக்கு எறங்கியிருக்கும் சார்" என்றார். இறங்கி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்: "யார் கொளுத்துனது?"

இந்தக் கட்டுரையை ஒரு வருடமாக எழுதாமல் வைத்திருந்ததற்கு அடுத்த வரிதான் காரணம். அலட்சியமாகத் தீயைக் கையாண்டு பிறருக்கு ஆபத்து உண்டாக்கினால் ஆறு மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 285, இப்போது நியாய சன்ஹிதாவில் 287. அது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்து நான் பயந்தேன் என்றால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். எந்தச் சட்டமும் நினைவுக்கு வரவில்லை. வாய் தானாகச் சொன்னது: "தெரியலைங்க. எவனாவது பீடியப் போட்டிருப்பான்." அந்த அம்மா நான்கடி தள்ளி, பசுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் குழுவில் தகவல் போட்டேன்: 'கொல்லையில் தீ. பின்வீட்டுப் படப்பு எரிந்துவிட்டது.' நிமிடத்தில் ஓக்லாந்திலிருந்து போன். அங்கே விடியற்காலை. "அண்ணே, படைப்பு அறை எரிஞ்சிருச்சா?" குரல் நடுங்கியது. முன்னோருக்குப் படைக்கிற சேலையும் வேட்டியும் வைத்திருக்கிற பெட்டி அந்த அறையில்தான் இருக்கிறது. படைப்பு இல்லையப்பா, படப்பு, பின்வீட்டு வைக்கோல் என்றேன். "அப்பாடா" என்றான். சொன்னதும் அவனுக்கே சுருக்கென்றிருக்க வேண்டும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த அம்மாவுக்கு எவ்வளவு அண்ணே நஷ்டம்?" என்று கேட்டான்.

சாவி

மூன்று நாள் கழித்து, ஒரு கவரில் 20,000 ரூபாய் போட்டுக்கொண்டு பின்வீதிக்குப் போனேன். பாதி என்னுடையது, பாதி தம்பி அனுப்பினது. கொட்டகை இருந்த இடத்தில் நான்கு கருகின கால்கள். அந்த அம்மா வேப்ப மரத்தடியில் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தேன். கவரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"பீடி குடிச்ச ஆளு பேரு என்னண்ணே? சொன்னா நா போயி வாங்கிக்கிறேன். நீங்க எதுக்குத் தரணும்?"

எனக்கு வார்த்தை வரவில்லை. அவரே தொடர்ந்தார். "அன்னைக்குக் காலையில நா இந்தச் செவத்தோரந்தான் சாணி அள்ளிக்கிட்டிருந்தேன். 'ஐயா சரின்னுட்டாரு, கொளுத்துடா'ன்னு அந்தப் பயலுக பேசினது எங்காதுல விழுந்துச்சு. இம்புட்டு முள்ள செவத்தோரம் வச்சுக் கொளுத்துறாய்ங்களே, வேணாம்னு சொல்லுவமான்னு நெனச்சேன். உங்க எடம், நா என்னத்தச் சொல்ல?"

நான்தான் சொன்னேன் அம்மா, நான்தான் சரி என்றேன் என்று சொன்னேன். ஏதோ பெரிய பாவமன்னிப்பு மாதிரி இதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், அவர் ஆட்டுக்குட்டி ஒன்றின் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தெரிந்த விஷயத்தை மறுபடி சொன்னால் யார்தான் என்ன செய்வார்கள்? "தீயணப்புக்காரவுக கேக்கையில சொல்லியிருந்தா ஒங்களப் புடிச்சா போயிருப்பாக? நா என்ன எழுதிக் குடுக்கவா போறேன்?" என்றார். கவரைக் கட்டிலின்மேல் வைத்தேன். இந்தத் தடவை தள்ளவில்லை. "இது கீத்துக்கும் வைக்கலுக்கும் சரியாப் போகும். எனக்கு வேற ஒண்ணு வேணும்."

"சொல்லுங்க."

"கொல்லச் சாவி. தண்ணி அந்தாண்ட கெடக்கு, நா இந்தாண்ட வெறுங்கொடத்த வச்சுக்கிட்டு நிக்கிறேன். இனி ஒருக்கா அப்புடி நிக்க மாட்டேன்."

வீடு திரும்பி அன்று ராத்திரியே குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன், பந்தியில் சொன்ன 'சரி' உட்பட. கும்பிடும் கை ஒன்றும் வரவில்லை. சாவி விஷயத்துக்கு மட்டும் பதில்கள் வந்து குவிந்தன. பூட்டிக் கிடக்கிற வீட்டுச் சாவியை வெளியாளிடம் கொடுப்பதா? பயம் பொய்யில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் தெரியும், யார் யார் வீட்டு நிலையும் தூணும் பீங்கானும் அங்கே விலைக்கு நிற்கின்றன என்று. எல்லாம் திருட்டில்லை, பங்குச் சண்டையில் வீட்டையே பிரித்து விற்றவர்களும் உண்டு. கொல்லைக் கதவு வேறு, அடுப்படிக் கதவு வேறு, அடுப்படிக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது என்று நான் நான்கு தடவை எழுதினேன். கோலாலம்பூர் அண்ணன், "கொல்லையும் வீடுதானே" என்றார். அந்தக் கொல்லையை அவர் கடைசியாகப் பார்த்தது அப்பத்தா கேதத்துக்கு வந்தபோது.

இரண்டு நாள் இழுத்தது. ஓக்லாந்துத் தம்பி கடைசியில் ஒரு படம் போட்டான். அவன் தெருவுக்கு மேலே இருக்கிற சரிவில் வாடகை ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கீழே எழுதியிருந்தான்: 'இங்கே நாங்கள் காசு கொடுக்கிறோம். அங்கே ஆடு சும்மா நிற்கிறது, நாம் பூட்டு போட்டிருக்கிறோம்.' அதற்கு மேல் யாரும் எழுதவில்லை. எங்கள் குழுவில் யாரும் எழுதாவிட்டால் சம்மதம் என்று பொருள்.

பூட்டைத்தான் உடைத்துவிட்டார்களே, புதுப் பூட்டு வாங்கினேன். மூன்று சாவி. ஒன்று அந்த அம்மாவிடம். வேப்ப மரத்தில் ஆணி அடித்து, ஆள் எட்டுகிற உயரத்தில் மாட்டினார். "இடுப்புல சொருகிக்கிட்டுச் சந்தைக்குப் போயிட்டா? தெருவுல யாரு வேணாலும் எடுக்கணும்ல?" என்றார். கோலாலம்பூர் அண்ணனுக்கு இந்த ஆணி விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை.

இப்போது ஆடுகள் கொல்லையில் மேய்கின்றன. கருவேல இலையை ஆடு சீண்டாது. புல்லைத் தின்கிறது, கருவேலக் காயைத் தின்கிறது. தின்ற காயின் விதையைப் புழுக்கையோடு அங்கேயே போட்டுவிட்டும் போகிறது, அதனால் கருவேலம் ஒழிந்துவிட்டது என்று நான் சொன்னால் ஐயா படத்திலிருந்து சிரிப்பார். தூரிலிருந்து கிளம்பிய தண்டுகளைத் தை மாதத்தில், புல் காய்வதற்கு முன்னால், இரண்டு ஆள் விட்டு வெட்டினேன். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் முடி என்றதற்கு அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். முள்ளைக் குவிக்கவில்லை. அந்த அம்மா கொட்டகைக்கு வேலி அடைக்கப் பாதியை எடுத்துக்கொண்டார், மீதி விறகானது. கோவைக்கொடியை நானே அறுத்தேன். வீட்டுச் சுவரை ஒட்டி ஐந்தடி அகலத்துக்குச் செம்மண் தெரிகிற மாதிரி செதுக்கிவைத்திருக்கிறேன். தம்பிக்குப் படம் அனுப்பினால், "எங்க இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணிருவாரு அண்ணே" என்கிறான். ஓட்டுக்கு அடியில் இருக்கிற சருகைத்தான் எடுக்க முடியவில்லை. ஓடு மாற்றுகிற ஆள் இந்தப் பக்கத்தில் இப்போது நான்கைந்து பேர்தான், அவர்களும் ஓட்டல் ஆக்கின வீடுகளில் மும்முரம்.

போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போனேன். முகப்புப் பூட்டில் சாவியைப் போடும்போது பின்னால் சைக்கிள் நின்றது. அதே பையன், கையில் அதே மாதிரிக் காகிதம். ஐயா பெயருக்குத்தான். "என் பேருக்குப் போடக் கூடாதாப்பா?" என்று கேட்டேன். "வாரிசு சர்ட்டிபிகேட்டு, பட்டா எல்லாம் வேணுமேய்யா. அதுவரைக்கும் அவரு பேர்லதான் வரும்" என்று பேனாவை நீட்டினான். காகிதத்தைத் தூணில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பையன் பூட்டின கதவில் காதை வைத்தான்.

"ஐயா, உள்ள ஆளு இருக்கா? கெணத்துக் கப்பிச் சத்தம் கேக்குது."